7 ஊசியோடு நிறுத்துவதா, 13 வரை போவதா?

கரையோர நடை
ஞாயிறு காலை

எனக்கு 69 வயது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மனைவியும் நானும் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எனக்குப் புரஸ்டேட் புற்றுநோய். இங்கே எழுதுகிறவர்களில் பலர் இந்த வருத்தத்தை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தவர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

முதலில் விவரம். பீஎஸ்ஏ (புரஸ்டேட் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவு) 22. பியோப்ஸியில், கட்டியின் மூர்க்கத்தைக் காட்டும் கிளீசன் எண் 4+4=8. கட்டி சுரப்பிக்குள்ளேயே இருந்தது; டீ2 என்றார்கள். எலும்பு ஸ்கேனிலும் வயிற்று ஸ்கேனிலும் பரவல் எதுவும் தெரியவில்லை. புரஸ்டேட் புற்றுநோயில் இது 'அதிக ஆபத்து' வகை. ஆண் ஹோர்மோனை அடக்கும் ஊசி தொடங்கி மூன்று மாதம் கழித்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள்: 20 நாள், மொத்தம் 60 கிரே. அந்த நான்கு வாரமும் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வாங்கில் காத்திருந்தேன். அது முடிந்துவிட்டது. ஊசி முடியவில்லை.

கோசெரலின் 10.8 மில்லிகிராம், 12 வாரத்துக்கு ஒன்று. ஆறு போட்டாயிற்று. ஏழாவது இன்னும் மூன்று வாரத்தில். முதலில் பார்த்த வைத்தியர் கிளினிக் கொப்பியில் 'மூன்று ஆண்டு' என்று எழுதிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது பார்க்கிறவர், "உங்களுக்கு 18 மாதம் போதும் என்று நினைக்கிறேன். யோசித்துவிட்டு வாருங்கள்" என்கிறார். 12 வாரக் கணக்கில் 18 மாதத்துக்கு 7 ஊசி, மூன்று ஆண்டுக்கு 13.

ஊசி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். இரவில் நான்கைந்து தடவை உடம்பு அடுப்புப் போலக் கொதித்துப் பிறகு நனைந்துபோகிறது. ஒரே இரவில் மூன்று பனியன் மாற்றுகிறேன். சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு வந்தால் இரண்டாம் மாடியில் நின்றுவிடுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சீனி 6.3-இலிருந்து 7.4-க்கு ஏறிவிட்டது. எலும்பின் அடர்த்தி, டெக்ஸா ஸ்கேனில், -1.4 ஆக இருந்தது -2.1 ஆகியிருக்கிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. பேரனின் படத்தைப் பார்த்தாலும் வருகிறது.

மகன் தொலைபேசியில், "பீஎஸ்ஏ 0.01-க்குக் கீழே இருக்கிறது, அப்பா. மருந்து வேலை செய்கிறது. ஏன் நிறுத்த வேண்டும்?" என்கிறான். மனைவி, "பீஎஸ்ஏ 0.01-க்குக் கீழே இருக்கிறது. இனி எதற்கு ஊசி?" என்கிறாள். இருவரும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறார்கள். நான் இரவில் விழித்திருக்கிறேன்.

அண்ணாவின் தம்பி
ஞாயிறு காலை

மாஸ்டர், தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

என் அண்ணாவுக்குக் கிளீசன் 9. கதிர்வீச்சும் ஊசியும் தொடங்கினார்கள். 2022-இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஊசி இல்லை என்றார்கள். வெளியில் ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கினேன். கிடைத்த இடத்தில் கேட்ட விலை எங்களிடம் இல்லை. இரண்டு ஊசியோடு, அதாவது 6 மாதத்தோடு, நின்றுபோனது. பிறகு மருந்து வந்தபோது அண்ணா, "இப்போதுதான் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது, விடு" என்றார். நானும் விட்டேன். இரண்டு ஆண்டு கழித்து நாரி நோ என்றார். எலும்பில் வந்திருந்தது. சென்ற ஆண்டு அவரை இழந்தோம்.

மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தால் மூன்று ஆண்டும் போடுங்கள். வியர்வையைத் துடைக்கலாம், பனியனைத் தோய்க்கலாம்.

பம்பலப்பிட்டி வாசகர்
ஞாயிறு மதியம்

அண்ணாவின் தம்பிக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அவருடைய கதையை ஒதுக்கிவிட்டு இதைப் பேசக்கூடாது. 6 மாதம் போதாது என்பதற்கு அது மிக வலுவான சாட்சி. ஆய்வும் அதையேதான் சொல்கிறது. ஆனால் மாஸ்டர் கேட்பது 6 மாதமா 36 மாதமா என்றல்ல. 18-ஆ 36-ஆ என்று கேட்கிறார். இரண்டையும் ஒன்றாக்கினால் விடை பிழைத்துவிடும்.

'மூன்று ஆண்டு' எங்கிருந்து வந்தது? மிஷல் பொல்லா என்ற பிரெஞ்சு வைத்தியர் தலைமையில் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, 1997-இல் வெளியானது. 415 பேர். ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும். மறுபாதிக்குக் கதிர்வீச்சோடு மூன்று ஆண்டு கோசெரலின். ஐந்து ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 62 சதவீதம், 79 சதவீதம். அவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதால் மூன்று ஆண்டு உலகெங்கும் வழக்கமாயிற்று. கவனியுங்கள், அது மூன்று ஆண்டை ஒன்றுமில்லாததோடுதான் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டோடோ ஒன்றரை ஆண்டோடோ ஒப்பிடவில்லை.

அதே ஐரோப்பியக் குழு பிறகு 6 மாதத்தையும் மூன்று ஆண்டையும் ஒப்பிட்டது. 2009-இல் வெளியானது. ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் 6 மாதக்காரர்களில் 19.0 சதவீதம், மூன்று ஆண்டுக்காரர்களில் 15.2 சதவீதம். அண்ணாவின் தம்பி சொல்வது இங்கேதான் இருக்கிறது.

மாஸ்டருடைய கேள்வியை நேரடியாகக் கேட்டது கனடாவின் கியூபெக் ஆய்வு. நபித் என்பவருடைய குழு, 630 பேர், 36 மாதமா 18 மாதமா. 2018-இல் முடிவு வந்தது. பத்து ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் 62.4 சதவீதம், 62.0 சதவீதம். வாழ்க்கைத் தரம் 18 மாதக்காரர்களுக்கு மேலாக இருந்தது. இன்னொரு விஷயம்: 36 மாதம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் 36 மாதத்தை முடித்தார்கள். ஆய்வில் சேர்ந்து, தாதிகளின் கண்காணிப்பில் இருந்தவர்களே முடிக்கவில்லை. இந்த ஊசி எவ்வளவு கனமானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாஸ்டருடைய பியோப்ஸி அறிக்கை அந்த 630 பேரின் நடுவில் போய் உட்காரக்கூடியது. கிளீசன் 8, பீஎஸ்ஏ 22, டீ2. கட்டி விந்துப்பைக்குள் போயிருந்தாலோ நிணநீர்க் கணுவில் இருந்தாலோ நான் இப்படி எழுதமாட்டேன். அங்கே மூன்று ஆண்டு ஊசியோடு இரண்டு ஆண்டு அபிராடெரோன் மாத்திரையும் சேர்த்தால் பலன் என்று பிரித்தானியாவின் ஸ்டாம்பீட் ஆய்வு 2022-இல் காட்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனை மகள்
ஞாயிறு மாலை

என் அப்பாவுக்கு விந்துப்பையில் இருந்தது. மூன்று ஆண்டும் போட்டோம். புறக்கோட்டையில் 138 பஸ் பிடித்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவோம். அதிகாலையில் போனால்தான் மதியத்துக்குள் திரும்பலாம். அப்பா ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. இப்போது ஊசி நின்று இரண்டு ஆண்டு. பீஎஸ்ஏ நன்றாக இருக்கிறது. அதற்காக நான் தினமும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் மாஸ்டர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி நின்ற நாளில் ஊசி நிற்பதில்லை. அப்பாவுக்கு இப்போது 76 வயது. டெஸ்டோஸ்டெரோன், அதாவது ஆண் ஹோர்மோன், இன்றுவரை திரும்பவில்லை. இரண்டு தடவை இரத்தம் பார்த்தோம், இரண்டு தடவையும் அடிமட்டம். வைத்தியர் பிறகுதான் சொன்னார்: வயது கூடக்கூட, ஊசியின் காலம் நீள நீள, திரும்பி வருவது மெதுவாகும், சிலருக்கு வராமலே போகும் என்று. எங்களுக்கு மூன்று ஆண்டு என்றார்கள். நடந்தது ஐந்து ஆண்டு, இன்னும் நடக்கிறது.

அப்பாவுக்கு அது தேவைப்பட்டது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் முதலில் சொல்லியிருந்தால் உடற்பயிற்சியை, எலும்பு மருந்தை அப்போதே தொடங்கியிருப்போம். சென்ற மார்கழியில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த பிறகுதான் தொடங்கினோம்.

ஓய்வுபெற்ற தாதி
ஞாயிறு இரவு

கதிர்வீச்சுப் பிரிவில் நீண்டகாலம் வேலை செய்தவள். வைத்தியர் அல்ல, வைத்தியர் சொல்வதற்கு மேலாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் மாஸ்டரின் வீட்டில் நடக்கும் அந்த பீஎஸ்ஏ வாக்குவாதத்தை நான் நூறு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஊசி உடம்பில் இருக்கும்வரை பீஎஸ்ஏ குறைவாகத்தான் இருக்கும். ஏனென்றால் புரஸ்டேட் கலங்கள், நல்லதும் கெட்டதும், ஆண் ஹோர்மோனின் தூண்டுதலில்தான் அதைச் சுரக்கின்றன. ஹோர்மோனை எடுத்துவிட்டால் உயிரோடிருக்கும் கலமும் வாயை மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு அறையில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பது போல. குறையாமல் இருந்திருந்தால் அது கெட்ட அறிகுறி, குறைந்தது நல்லது. அதற்கு மேல் அந்த 0.01 எதையும் சொல்லாது. உங்கள் மகன் சொல்வது போலத் தொடரவும் அது காரணமல்ல, உங்கள் மனைவி சொல்வது போல நிறுத்தவும் அது காரணமல்ல.

எத்தனை ஊசி என்பதைத் தீர்மானிப்பது ஊசிக்கு முன்பிருந்த அறிக்கை: அன்றைய பீஎஸ்ஏ, கிளீசன், கட்டி எவ்வளவு தூரம் போயிருந்தது. அதோடு உங்கள் உடம்பு: இதயம், சீனி, எலும்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வைத்தியர் பார்ப்பார்.

இரவு வெக்கைக்கு மருந்து இருக்கிறது, மாஸ்டர். அதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? பிரித்தானிய வழிகாட்டலில் மெட்ரொக்சிபுரோஜெஸ்டரோன் மாத்திரை, நாளுக்கு 20 மில்லிகிராம், முதலில் 10 வாரம் என்று இருக்கிறது. உங்களுக்குச் சரிவருமா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஆண்கள் கேட்பதே இல்லை. வியர்வை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று ஆண்டு நனைந்துகொண்டிருப்பார்கள். மனம் கசிவதும் ஊசியின் வேலைதான். அதையும் வாய் திறந்து சொல்லுங்கள்.

தெமட்டகொடை
திங்கள் காலை

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 72 வயது. பைபாஸ் செய்தவன். புரஸ்டேட்டில் கிளீசன் 3+4, பீஎஸ்ஏ 13, நடுத்தர ஆபத்து. நடுத்தரத்தில் பாதகமான பக்கம் என்றால் 4 முதல் 6 மாதம்தான் வழக்கம். எனக்கு அதையும் கொடுப்பதா என்று இதய வைத்தியரும் புற்றுநோய் வைத்தியரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

இதயம் கெட்டவர்களுக்கு இந்த ஊசியைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-இலேயே எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது: நீரிழிவும் இதய வருத்தமும் கூடலாம் என்று. 2008-இல் டிஅமிக்கோ என்பவருடைய குழு காட்டியதும் இதை ஒட்டியதுதான். கதிர்வீச்சோடு 6 மாத ஹோர்மோன் சேர்த்தபோது ஆயுள் நீண்டது, ஆனால் வேறு பெரிய வருத்தம் இல்லாதவர்களுக்கு மட்டும். என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

கடைசியில் 4 மாதம் போட்டு நிறுத்தினார்கள். நான்கு ஆண்டாயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

மாஸ்டர், உங்கள் சீனி 7.4 என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. புற்றுநோய்க்குப் பயந்து இதயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். அதிக ஆபத்து என்பதால் 4 மாதம் உங்களுக்குக் காணாது. ஆனால் 18-க்கு மேல் போகிற ஒவ்வொரு மாதமும் சீனிக்கும் ஒரு மாதம்தான்.

தெஹிவளையிலிருந்து
திங்கள் இரவு

இங்கே ஆண்களும் பிள்ளைகளும் எழுதிவிட்டார்கள். ஒரு மனைவி எழுதுகிறேன்.

என் கணவருக்கு இரண்டு ஆண்டு போட்டார்கள். அந்த இரண்டு ஆண்டில் அவர் என்னருகே உட்காருவதையே விட்டார். தாம்பத்தியம் போனதைச் சொல்லவில்லை. அது போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அதை ஏற்றுக்கொண்டோம். அது போனதால் தோளில் கை வைப்பதும் கூடாது என்று அவராகவே தீர்மானித்துவிட்டார். நான் ஏதாவது எதிர்பார்ப்பேனோ என்று பயம். நான் கோபித்துக்கொண்டேன் என்று அவர் நினைத்தார், அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். கிளினிக்கில் ஒருவர்கூட எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மாஸ்டர், உங்கள் மனைவி "இனி எதற்கு ஊசி" என்று கேட்பது பீஎஸ்ஏயைப் பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம். அவரை அடுத்த கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அறைக்குள், வெளி வாங்கில் அல்ல.

கரையோர நடை
செவ்வாய் காலை

தெஹிவளைச் சகோதரிக்கு: உங்கள் பதிவை நேற்று இரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் இருந்தோம்.

தாதியம்மா சொன்ன விளக்கு உவமையை மகனுக்கும் சொன்னேன். அவன் மௌனமாகிவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்குக் குணமாகிவிட்டதா என்று நமக்குத் தெரியாதா, அப்பா?" என்று கேட்டான். அந்தப் பயம்தான் அவனை மூன்று ஆண்டு என்று பேசவைக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஊசி ஒன்றுதான் பிடிமானம்.

அண்ணாவின் தம்பி
செவ்வாய் இரவு

நான் அந்தக் கனடா ஆய்வைத் தேடி வாசித்தேன். பத்து ஆண்டில் சமம் என்பது சரி. ஆனால் ஐந்து ஆண்டில் 36 மாதக்காரர்கள் 91 சதவீதம், 18 மாதக்காரர்கள் 86 சதவீதம் உயிரோடு. அந்த 5 சதவீதத்தை ஏன் யாரும் எழுதவில்லை? 100 பேரில் 5 பேர் என்றால் 5 வீடு. எங்கள் வீடு ஒரு வீடு.

பம்பலப்பிட்டி வாசகர்
செவ்வாய் இரவு

நீங்கள் கேட்டது நியாயம். நான் அதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு.

அந்த ஐந்தாம் ஆண்டு இடைவெளி பத்தாம் ஆண்டில் மூடிக்கொண்டது. இன்னொரு குறையும் உண்டு: அந்த ஆய்வு 36 மாதம் சிறந்ததா என்று பார்க்கவே வடிவமைக்கப்பட்டது, 18 மாதம் அதற்குச் சமம் என்று நிரூபிக்க அல்ல. சிறந்தது என்று காட்ட முடியவில்லை என்பதும் சமம் என்பதும் ஒன்றல்ல. ஆகவே 18 என்பது கல்லில் எழுதிய எண் இல்லை. வழிகாட்டல்கள் சில அதிக ஆபத்துக்காரர்களுக்கு 18 முதல் 36 மாதம் என்று இடைவெளி விட்டு எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த இடைவெளி மனிதனுக்காக விடப்பட்டது. ஐம்பத்தெட்டு வயதில், சீனியும் இல்லாமல், கிளீசன் 9-உம் இருந்தால் நான் மேல் முனையைப் பார்ப்பேன். 69 வயதில் சீனி ஏறி, எலும்பு இறங்கி, கட்டி சுரப்பிக்குள்ளேயே இருந்தவருக்குக் கீழ் முனை. உங்கள் அண்ணாவின் கிளீசன் 9-க்கு நான் ஒருபோதும் 6 மாதம் என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அண்ணா நிறுத்தியதல்ல அது. மருந்து இல்லாமல் நின்றது. நீங்கள் விட்டதுமல்ல.

புதியவர்
புதன் காலை

மன்னிக்க வேண்டும், இடையில் ஒரு கேள்வி. என் மாமாவுக்கும் கதிர்வீச்சோடு இரண்டு ஆண்டு ஹோர்மோன் என்கிறார்கள். ஊசி வாங்க வசதியில்லையென்றால் ஆண் ஹோர்மோனைச் சுரக்கும் விதைகளை அகற்றும் சத்திர சிகிச்சை செய்யலாம், ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று உறவினர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி
புதன் காலை

பரவிய நோய்க்கு, வாழ்நாள் முழுக்க ஹோர்மோனை அடக்க வேண்டியவர்களுக்கு, அது நல்ல வழி. மலிவானது, தவணை தவறவும் வழியில்லை. உங்கள் மாமாவுக்கு இரண்டு ஆண்டுதான் தேவை. அகற்றியதைத் திருப்பி வைக்க முடியாது, தம்பி. கையெழுத்துப் போடுவதற்கு முன் கிளினிக் வைத்தியரிடம் இதை நேரே கேளுங்கள். ஊசி கிடைக்காவிட்டால் என்ன மாற்று என்றும், சமூகசேவைப் பிரிவு உதவுமா என்றும் கேளுங்கள்.

கரையோர நடை
மூன்று வாரம் கழித்து

போய்வந்தோம். இருவரும், அறைக்குள்.

வைத்தியர் பொறுமையாக இருந்தார். நான் இந்தப் பதிவுகளிலிருந்து ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு போனேன். ஆரம்ப பியோப்ஸி அறிக்கையை எடுத்து மறுபடி வாசித்தார். 12 துண்டில் 3-இல்தான் கிளீசன் 8. விந்துப்பை சுத்தம். "மூன்று ஆண்டு என்று எழுதியவர் தவறு செய்யவில்லை, நான் 18 என்று சொல்வதும் துணிச்சல் இல்லை. இரண்டும் வேலிக்குள்தான் இருக்கின்றன. உங்கள் சீனியும் எலும்பும் என்னை இந்தப் பக்கம் தள்ளுகின்றன" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள், "இவர் திரும்பி வர வேண்டும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழாவது ஊசியைப் போட்டுக்கொண்டேன். அது 84 வாரம்வரை காக்கும்; 19 மாதத்துக்குச் சற்று மேல். எட்டாவது இல்லை. கொட்டாஞ்சேனை மகள் சொன்னதையும் கேட்டேன். ஊசியின் வேலை ஓய்ந்த பிறகும் டெஸ்டோஸ்டெரோன் ஏற இன்னும் பல மாதம் ஆகும், ஆகவே உண்மையில் 19 மாதத்தைவிட நீண்ட காலம்தான் உங்களுக்குக் கிடைக்கிறது என்றார். மகனுக்கு அந்த ஒரு வாக்கியம் ஆறுதலாக இருந்தது.

மெட்போர்மின் அளவு கூட்டப்பட்டது. விற்றமின் டி தொடங்கியாயிற்று. பாரம் தூக்கும் பயிற்சி வேண்டும் என்று சொன்னதால் இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை வைத்துத் தூக்குகிறேன். மரைன் டிரைவில் காலை நடை 20 நிமிடம். நெத்தலி வாரம் மூன்று நாள், முள்ளோடு.

அண்ணாவின் தம்பிக்கு: உங்கள் பேச்சைக் கேட்காமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். 6 மாதத்தில் எனக்கு அழுகை வந்தபோது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அன்று நிறுத்தியிருந்தால் என்ன என்று உங்கள் அண்ணாதான் எனக்குக் காட்டினார்.

கரையோர நடை
ஒன்பது மாதம் கழித்து

ஒரு அவசரக் கேள்வி. முதல் இரண்டு பரிசோதனையிலும் பீஎஸ்ஏ 0.01-க்குக் கீழேதான் இருந்தது. இன்று 0.14. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. கிளினிக் அடுத்த வியாழன். அதுவரை எப்படி இருப்பது?

ஓய்வுபெற்ற தாதி
அரை மணி நேரத்தில்

மாஸ்டர், டெஸ்டோஸ்டெரோன் எவ்வளவு? இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கரையோர நடை

6.8 நனோமோல். மூன்று மாதத்துக்கு முன் 1.1.

ஓய்வுபெற்ற தாதி

அப்படியானால் மனைவியிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள். விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. உங்கள் சுரப்பியை வெட்டி எடுக்கவில்லை, கதிர்வீச்சுத்தான் கொடுத்தார்கள். அதில் பிழைத்த நல்ல கலங்கள் ஹோர்மோன் வந்ததும் கொஞ்சம் சுரக்கும். கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்பியது என்று சொல்ல வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவு, ஆகக் குறைந்த பீஎஸ்ஏயிலிருந்து 2 ஏற வேண்டும் என்பது. பீனிக்ஸ் வரைவிலக்கணம் என்பார்கள். நீங்கள் 2-இல் பத்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை. இனி எண் ஏறி, ஒரு மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். விடாமல் ஏறிக்கொண்டே போனால் 2 வரை காத்திருக்காமலே ஆராய்வார்கள். வியாழன்வரை நடங்கள், தூங்குங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்

தாதியம்மா சொன்னதே என் பதிலும். 0.14 என்பதை டெஸ்டோஸ்டெரோன் இல்லாமல் தனியாக வாசிக்கவே கூடாது.

கொட்டாஞ்சேனை மகள்

6.8! மாஸ்டர், என் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "பரவாயில்லையே" என்றார். அவருக்குச் சந்தோஷம்.

கரையோர நடை
வெள்ளி காலை

வைத்தியரும் அதையேதான் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி இரண்டையும் பார்க்க வேண்டும். சீனி 6.8. டெக்ஸா அடுத்த ஆண்டு. இரவு வெக்கை இன்னும் ஒரு தடவை வருகிறது, சில நாள் வருவதில்லை. நேற்று மரக்கறிப் பையோடு மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினேன். கதவைத் திறந்த மனைவி பையை வாங்க மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாவின் தம்பி
வெள்ளி மாலை

அண்ணாவின் கிளினிக் கொப்பி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் உங்கள் எண்களை எழுதி வைத்திருக்கிறேன், மாஸ்டர். இன்று 0.14-உம் 6.8-உம் எழுதினேன். அடுத்தது தை மாதம்தானே? நீங்கள் எழுதாவிட்டால் நான் கேட்பேன்.